ஊருக்குப் போய்க் காட்டிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்

மதுரைக்குச் சாமி கும்பிட வந்த இடத்தில் பெரியவர் ஒருவர் பொற்றாமரைக் குளத்துப் படியிலோ லாட்ஜ் குளியலறையிலோ வழுக்கி விழுகிறார். நிற்க முடியவில்லை. பிள்ளைகள் கைத்தாங்கலாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தி ஒரு வலி மாத்திரை கொடுக்கிறார்கள். "ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சு ஊருக்குப் போயிருவோம், நம்ம டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்" என்று முடிவாகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் எங்களுக்கு அதிகக் கவலை தருவது இந்த முடிவுதான்.

முன்பின் தெரியாத ஊர், எவ்வளவு பணம் ஆகுமோ, கூட இருந்து பார்த்துக்கொள்ள யார் வருவார்கள் என்ற பயம் நியாயமானது. ஆனால் சில உபத்திரவங்கள் ஊர் போய்ச் சேரும்வரை காத்திருக்காது.

விழுந்தவரை நிமிர்த்திப் படுக்கவைத்து இரண்டு கால்களையும் பாருங்கள். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்து, குதிகாலை உயர்த்த முடியாவிட்டால் அநேகமாக இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. இழுத்துவிடவோ, தைலம் தேய்க்கவோ, ஆட்டோவில் உட்காரவைக்கவோ கூடாது. "புத்தூர் கட்டு போட்டா சரியாயிரும்" என்பார்கள். இந்த முறிவுக்குக் கட்டு உதவாது. பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான், அதுவும் ஓரிரு நாளுக்குள். இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கினால் உள்ளே ரத்தக்கசிவும் வலியும் கூடும்.

நெஞ்சடைப்பை 'கேஸ்' என்று நினைத்துச் சோடா குடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம். திருப்பரங்குன்றம் மலை ஏறி இறங்கியபின் அப்படி வந்தால் வெறும் அசதி என்று விடாதீர்கள். முதலில் ஈசிஜி, மற்றதெல்லாம் பிறகு.

வாய் கோணி, பேச்சு குழறி, ஒரு பக்கக் கை தொய்ந்தால் பக்கவாதம். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு உரிய நேரம் பொதுவாக நாலரை மணி நேரம்தான். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை வருவதற்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விடும். கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

அழகர்கோயிலில் குரங்கு கையிலிருப்பதைப் பிடுங்கும்போது நகமோ பல்லோ பட்டுவிடும். நாய்க்கடிக்கு என்ன செய்வீர்களோ அதேதான் இதற்கும். குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். முதல் தடுப்பூசியை அன்றைக்கே மதுரையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆழமான கடியென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். தேதி போட்ட அட்டையைக் காட்டி மீதி ஊசிகளை உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாம். ஊருக்குப் போய்ச் செய்யலாம் என்று தள்ளிவைக்கக்கூடியது அந்த மீதி மட்டும்தான்.

கோடையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆடி வீதிக் கல்தளத்தில் வெறுங்காலோடு நடந்த சர்க்கரை நோயாளிக்குப் பாதம் கொப்பளித்தாலும் உறைக்காது. அன்றிரவு உள்ளங்காலை யாராவது விளக்கடித்துப் பாருங்கள். கொப்புளத்தைக் குத்தாதீர்கள்.

எங்கே போவது? கோரிப்பாளையத்தை ஒட்டி அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. "பெரியாஸ்பத்திரி" என்றால் எந்த ஆட்டோக்காரருக்கும் தெரியும். தனியார் பெரிய மருத்துவமனைகளும் உண்டு. லாட்ஜ் பையன் கைகாட்டும் சின்ன கிளினிக்குக்குப் போவதற்கு முன் போனில் ஒன்று கேளுங்கள்: "இந்நேரத்துக்கு சிடி ஸ்கேன் ஓடுதா?" ஓடவில்லை என்றால் அங்கே போய்த் திரும்பும் நேரம் முழுக்க நஷ்டம்.

108 ஆம்புலன்ஸுக்குப் பேசும்போது 'மாசி வீதி' என்று மட்டும் சொல்லாதீர்கள். மதுரையில் ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி ஒவ்வொன்றும் நான்கு திசைக்கும் உண்டு. மேல மாசியா கீழ மாசியா, எந்தக் கோபுரம், பக்கத்தில் எந்தக் கடை என்று சொல்லுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதியில்லை. உள்ளே யாராவது மயங்கினால் வெளியே ஓடிப் போனைத் தேடாமல், பக்கத்திலிருக்கும் காவலரிடமோ கோயில் ஊழியரிடமோ சொல்வதுதான் வேகம்.

இதனால்தான் விவரங்களைப் போனில் மட்டும் வைத்திருந்தால் போதாது என்கிறேன். போன் லாக்கரில் கிடக்கும், ஆள் நினைவில்லாமல் கிடப்பார். சட்டைப் பையில் ஒரு காகிதம் இருக்கட்டும்: பெயர், வயது, இருக்கும் நோய்கள், ஒத்துக்கொள்ளாத மருந்து, ஊரில் இருக்கும் ஒருவரின் எண். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் அதைத் தனியாக, பெரிதாக எழுதுங்கள். மலேசியா, இலங்கையிலிருந்து வருபவர்கள் கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை எழுத வேண்டும். காலி அட்டையையே கொண்டுவந்தாலும் நல்லது.

கூட்டமாக வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலைய யார்டில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சமையல் கேஸ் சிலிண்டரால் வந்த தீ. உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த யாத்திரிகர்கள் 9 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். குழுத் தலைவர்கள் பயணிகள் பட்டியலைப் பெயர், வயது, உறவினர் எண்ணோடு இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் பையில், இன்னொன்று ஊரில் ஒருவரிடம். சிலிண்டரை ஏற்றாதீர்கள்.

பணத்துக்குப் பயந்து தாமதிக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு அரசு, தனியார் யாராக இருந்தாலும் முதலில் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. சாலை விபத்தென்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். அடிபட்டவர் வேறு மாநிலத்தவரானாலும் வெளிநாட்டவரானாலும் பொருந்தும். காப்பீடு இருந்தால், சேர்த்த கையோடு கம்பெனிக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள், எக்ஸ்ரே பிலிம், விபத்தென்றால் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். விமானத்தில் திரும்புகிறவர் பயணம் செய்யலாம் என்று டாக்டரிடம் சான்று எழுதி வாங்கி, விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாவுக்கட்டு போட்டு இரண்டு நாள் ஆகவில்லையென்றால் அதையும் சொல்லுங்கள். பறக்கும்போது கால் வீங்கும் என்பதால் கட்டை நீளவாக்கில் பிளந்துவிடச் சொல்வார்கள், அதை மதுரையிலேயே செய்துகொண்டு கிளம்பலாம்.