அப்கிரேட் முடிந்ததும் டி டிரைவைக் காணோமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் பலர் 11-க்கு மாறிவருகிறார்கள். மாறிய கையோடு சிலருக்கு டி டிரைவ் கண்ணில் படுவதில்லை. பதற வேண்டாம். பெரும்பாலும் உள்ளே இருப்பவை பத்திரமாகவே இருக்கும். ஆனால் காரணம் தெரியும்வரை ‘ஃபார்மேட்’, ‘இனிஷியலைஸ்’ என்று திரை எதைக் கேட்டாலும் ‘கேன்சல்’ கொடுங்கள். டேட்டா பறிபோவது பெரும்பாலும் அந்த ஒரு கிளிக்கில்தான்.

ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, விண்டோஸ் கீயுடன் எக்ஸ் அழுத்தி ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டைத் திறங்கள். கீழ்ப்பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என வரிசையாகக் கட்டங்கள் தெரியும்.

உங்கள் டிரைவின் அளவுள்ள கட்டத்தில் ‘என்டிஎஃப்எஸ்’, ‘ஹெல்தி’ என்றிருந்து எழுத்து மட்டும் இல்லையா? அதில் ரைட் கிளிக் செய்து ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’, பிறகு ‘ஆட்’. பழைய எழுத்தையே கொடுங்கள். எழுத்து மாறினால் அந்த டிரைவைத் தேடும் சாஃப்ட்வேர்களும் ஷார்ட்கட்களும் தடுமாறும். ‘ரெக்கவரி’, ‘இஎஃப்ஐ’ என்றிருக்கும் சின்னக் கட்டங்களைத் தொடாதீர்கள்.

‘ஆஃப்லைன்’ என்றிருந்தால், இடப்பக்கம் டிஸ்க் பெயரில் ரைட் கிளிக் செய்து ‘ஆன்லைன்’ கொடுத்தால் போதும். பிட்லாக்கர் பூட்டு என்றால் 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா பாருங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி பிரிவைக் கேளுங்கள்.

‘ரா’ அல்லது ‘நாட் இனிஷியலைஸ்டு’ என்று வந்தால் அதோடு நிறுத்துங்கள். செக்டிஸ்க்கும் ஓட்ட வேண்டாம். டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். திறந்தால் முதல் வேலை காப்பி எடுப்பது. திறக்காவிட்டால் டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

டிஸ்கே பட்டியலில் இல்லையென்றால் பயாஸில் தேடுங்கள். அங்கும் இல்லையா? கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழற்றி அழுத்தி மாட்டுங்கள். பயாஸில் இருந்தும் விண்டோஸில் வராவிட்டால் ஸ்டோரேஜ் டிரைவர் மீதுதான் சந்தேகம். உங்கள் மாடலுக்கானதைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

எதுவும் பலிக்காவிட்டால், அப்கிரேட் ஆகி 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி போய் ‘கோ பேக்’ கொடுத்துப் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். அதற்கு சி டிரைவில் உள்ள ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டர் தேவை. காணாமல்போன டிரைவ் கிடைக்கும்வரை, இடம் போதவில்லை என்று அதை அழித்துவிடாதீர்கள்.