மலைக்கு ஒரு பக்குவம், பள்ளத்தாக்குக்கு ஒரு பக்குவம்

சின்னமனூர்க்காரர் பிரட் வேண்டுமென்றால் தெருமுனை வரை நடந்தால் போதும். மேலே மேகமலையின் ஹைவேவிஸிலோ மணலாற்றிலோ இருப்பவருக்கு அது மலைப்பாதையின் வளைவுகளில் குலுங்கிக்கொண்டு வரவேண்டிய சாமான். இருட்டிவிட்டால் தென்பழனி சோதனைச் சாவடிக்கு மேலே வண்டி ஏறாது. அதனால் வீட்டில் பிரட் சுடுவது கீழே இருப்பவருக்கு ஆசை, மேலே இருப்பவருக்குப் பாதி தேவை. எந்த ஈஸ்ட், எந்த மாவு, எந்த அடுப்பு என்று கேட்டால் இருவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

கடை பிரட் மீதுள்ள பயத்தால் மட்டும் இதில் இறங்க வேண்டாம். அந்தப் பயத்துக்குப் பெரிய காரணமாக இருந்த, மாவில் சேர்க்கும் பொட்டாசியம் புரோமேட்டை, டெல்லி சி.எஸ்.இ. அமைப்பின் ஆய்வு வெளிவந்த பிறகு 2016-லேயே தடை செய்துவிட்டார்கள். சுடச்சுட ரொட்டியின் வாசனை வீட்டில் பரவுவதற்காகச் செய்யலாம். அது போதுமான காரணம்தான்.

மேகமலை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 85 சதவீதம்தான். தண்ணீர் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அழுத்தம் குறைந்தால் மாவுக்குள் பிறக்கும் வாயு கூடுதலாக விரியும். மாவு அவசரமாக உப்பி, சூட்டில் வைத்ததும் நடுவில் அமுங்கிப்போகும். அதே மலையின் குளிரோ ஈஸ்டை மந்தமாக்குகிறது. இரண்டும் எதிரெதிராக இழுப்பதால் கடிகாரத்தை நம்பிப் பயனில்லை. கீழே கம்பத்தில் ஒரு மணி நேரத்தில் பொங்கும் மாவு, மேலே மார்கழியில் மூன்று மணி நேரம்கூடக் கேட்கும். இட்லி மாவு புளிப்பதற்கு எப்படிக் காத்திருக்கிறோமோ அப்படித்தான் இதற்கும். இரட்டிப்பாவதற்குச் சற்று முன்னாலேயே மலையில் நிறுத்திவிடுங்கள்.

ஈஸ்டில் என் ஓட்டு இன்ஸ்டன்ட் வகைக்கு. மாவோடு நேரே கலக்கலாம். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாமல் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். அரைக் கிலோ மாவுக்கு ஒன்றரை டீஸ்பூன் என்று பொதுவாகச் சொல்வார்கள். சித்திரை வெயிலில் கம்பத்துக்கு ஒரு டீஸ்பூன் போதும், தண்ணீரும் குளிர்ந்ததாக இருக்கட்டும். மேகமலைக்கும் ஒரு டீஸ்பூன்தான், ஆனால் வெதுவெதுப்பான தண்ணீர். குளிருக்குப் பயந்து ஈஸ்டைக் கூட்டினால் ரொட்டியில் கள் நெடி அடிக்கும். ஆக்டிவ் டிரை வகையை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். நுரைத்தால் உயிர் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பாக்கெட் பழையதென்றால் அதுவே ஒரு வசதி. பேக்கரிக்காரர் வைத்திருக்கும் கட்டி ஈஸ்ட் ஃபிரிட்ஜிலேயே இரண்டு வாரம்தான் தாங்கும். வாரம் ஒருமுறை சுடும் குடும்பத்துக்கு அது வீண்.

ஈஸ்டுக்குப் பதில் கள்ளை ஊற்றி மாவு புளிக்கவைப்பது குமுளிக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நடக்கும், இங்கே தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. திராட்சையை ஊறப்போட்டுப் புளிமாவு தயாரிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்த ஆசை கூடியிருக்கிறது. ஆனால் கோதுமை மாவிலேயே வேண்டிய நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மாவும் தண்ணீரும் போதும், பழத்தைச் சாப்பிட்டுவிடுங்கள். புளிமாவுக்குக் கீழே வெயில் காலத்தில் நாளுக்கு இருமுறை மாவு போட வேண்டும், மேலே ஒருமுறை போதும். பிள்ளைகளுக்கு அந்தப் புளிப்பு பிடிக்குமா என்று பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

மைதாவில் ரொட்டி பஞ்சாக எழும். மில்லில் அரைத்த கோதுமையின் தவிடு மாவின் இழுவையை அறுப்பதால் ரொட்டி தாழ்ந்து, இறுகி வரும். ருசி மட்டும் மைதாவைவிட ஒரு படி மேல். குடும்பத்துக்குப் பாதிக்குப் பாதி கலவைதான் சரி. அரைக் கிலோ மைதாவுக்கு 310 மில்லி தண்ணீர் என்றால் கலவைக்கு 340 வரை போகும். கேழ்வரகு சேர்ப்பதானால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அதில் குளூட்டன் கிடையாது.

அடுப்பு விஷயத்தில்தான் பலர் அவசரப்பட்டுச் செலவழிக்கிறார்கள். 25 அல்லது 30 லிட்டர் ஓ.டி.ஜி. மின் அடுப்பு அரைக் கிலோ மாவு ரொட்டிக்குத் தாராளம். ஒருமுறை சுட ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் ஆகும். கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ இருந்துகொண்டு வாரம் இருமுறை சுடுவேன் என்பவர் வாங்கலாம். மழைக்காலத்தில் மின்சாரத்தை நம்ப முடியாத மலை எஸ்டேட் லைன் வீட்டுக்கு குக்கரே உத்தமம். ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட்டு, அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, பத்து நிமிடம் சூடாக்கி, அதன்மேல் ஸ்டாண்டு போட்டு டின்னை வைக்க வேண்டும். வெறும் சூட்டில் குக்கரின் அடி கெடும், ஆகவே விசில் வராத பழையது ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். சிறு தீயில் நாற்பது நிமிடம். மேல்பக்கம் வெளுத்துத்தான் இருக்கும். தோசைக்கல்லில் கவிழ்த்துப் போட்டு இரண்டு நிமிடம் வாட்டினால் நிறம் வந்துவிடும். சாதாரண மைக்ரோவேவ் இதற்கு ஆகாது.

வெந்துவிட்டதா என்று தெர்மாமீட்டர் குத்திப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரொட்டியின் நடுவில் 96 டிகிரி வரட்டும் என்று எழுதியிருந்தால் மேகமலையில் அது வரவே வராது. அங்கே 91, 92-லேயே இறக்கிவிடலாம்.

ஆறியபின் வெட்டுங்கள், ஒரு மணி நேரமாவது ஆகட்டும். கீழே வெயிலில் இரண்டாம் நாளே பூஞ்சை எட்டிப்பார்க்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் விறைத்துவிடும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துக் கல்லில் வாட்டிக்கொள்ளலாம். மேலே துணியில் சுற்றி டப்பாவில் வைத்தாலே மூன்று நாள் ஓடும்.