அறுபத்து நான்கு கட்டங்களும் ஒரு மணி நேரமும்

நாள்தோறும் இருபது ஆட்டங்கள் ஆடியும் ஓராண்டுக்குப் பின் அதே நிலையில் நிற்கும் மாணவரை எந்தப் பள்ளியிலும் காணலாம். கைப்பேசியில் மூன்று நிமிட ஆட்டம். தோற்றால் உடனே அடுத்த ஆட்டம். ஏன் தோற்றோம் என எண்ணுவதற்கு அங்கே இடமில்லை. ஆடுவது வேறு, பயில்வது வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்து, பயிற்சிக்கெனத் தனிமுறை வகுத்துக்கொண்டவர் சோவியத் வீரர் மிகயில் போட்வினிக்.

அவர் மின்பொறியாளர், 1948இல் உலகச் சாம்பியனானார். பிறிதொரு பணியும் உடையவர்க்குக் காலம் அரிது. ஆகவே, திட்டம் அவருக்கு இன்றியமையாததாயிற்று. தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து எழுதி வெளியிட்டார். அச்சேறிய பிழையைப் பிறர் சுட்டிக்காட்டுவர் என்னும் எண்ணம் ஆய்வை நேர்மையாக்கும் என்பது அவர் கருத்து. அக்கால ஆட்ட அரங்குகளில் புகைபிடித்தல் இயல்பு. அவருக்கோ புகை ஒவ்வாது. எனவே நண்பர் ரகோசினை எதிரே அமர்த்தி, புகையை ஊதச் செய்து பயிற்சி ஆட்டங்கள் ஆடினார். (கருத்தை மட்டும் கொள்க, புகை வேண்டா!) நேர நெருக்கடியில் தடுமாறுவோர், வெற்றி தோல்வியைக் கருதாது கடிகாரத்தை மட்டுமே கவனித்துச் சில பயிற்சி ஆட்டங்கள் ஆட வேண்டும் என்றும் அவர் கூறினார்.

1960இல் இளைஞர் மிகயில் தாலிடம் பட்டத்தை இழந்தார். மறு ஆண்டு, ஐம்பதை நெருங்கும் வயதில், 13-8 என்னும் கணக்கில் அதே தாலை வென்று பட்டத்தை மீட்டார். இடைப்பட்ட காலத்தில் எதிராளியின் ஆட்டத்தை மட்டுமன்றித் தம் குறைகளையும் அவர் ஆராய்ந்தார்.

நமக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கிடைப்பதாகக் கொள்வோம். முதல் வாரம் புதிதாக எதையும் கற்க வேண்டா. இறுதியாகத் தோற்ற பத்து ஆட்டங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த நகர்வில் கைநழுவியது என ஒரு குறிப்பேட்டில் எழுதுக. காயைக் கவனிக்காமல் இழந்தோமா, நேரம் போதவில்லையா, வெல்ல வேண்டிய இறுதி ஆட்டத்தைச் சமன் செய்தோமா? தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்யவே பலர் விரும்புவர். ஆயின் குறிப்பேடு பெரும்பாலும் வேறொன்றையே காட்டும்.

காய்களைக் கவனக்குறைவால் இழப்பவர், நாளும் இருபது நிமிடம் புதிர்களுக்கு ஒதுக்குக. காயைத் தொடாமல், எதிராளியின் மறுமொழி வரை மனத்துள் கண்ட பிறகே விடை கூறுதல் வேண்டும். ஊகித்து நகர்த்திப் பார்ப்பது பயிற்சியாகாது.

அடுத்து இறுதி ஆட்டம். பலரும் வெறுக்கும் இப்பகுதியே குறைந்த உழைப்பில் நிலைத்த பயன் தருவது. சான்றாக, ஐந்தாம் வரிசையில் நம் சிப்பாய். அதற்கு நேர்முன்னே ஆறாம் வரிசையில் நம் அரசன். எதிராளியிடம் அரசன் மட்டுமே. ஓரச் சிப்பாய் அல்லாதவிடத்து, நகர்த்தும் முறை எவருடையதாயினும் வெற்றி நமதே. இதனை அறிந்தவர், காய்கள் பல இருக்கும்போதே எவற்றை வெட்டி மாற்றிக்கொள்ளலாம் எனத் துணிவார். அறியாதவர் அஞ்சி விலகுவார். வாரம் ஒரு நிலையை எடுத்து இருபுறமும் ஆடிப் பழகினாலே போதும்.

ஞாயிறன்று நீண்ட நேர ஆட்டம் ஒன்று ஆடி, நகர்வுகளை எழுதிவைத்து, மறுநாள் ஆராய்க. கணினிப் பொறியை உடனே திறத்தல் கூடாது. அது விடையைத் தரும், நாம் ஏன் தவறினோம் என்பதைத் தராது. 2024இல் தம் பதினெட்டாம் வயதில் உலகச் சாம்பியனான சென்னையின் குகேஷ், பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் வழிகாட்டலில், தொடக்க ஆண்டுகளில் பொறியின் துணையின்றியே பயின்றார். முதலில் நம் கருத்தை எழுதி, பின்னரே பொறியோடு ஒப்பிடுவோம்.

தேர்வு நெருங்கும் வாரங்களில் ஒரு மணி நேரம் கிடைக்காது. அப்போது ஞாயிறு ஆட்டத்தை நிறுத்திவிட்டு, நாளும் பத்து நிமிடம் புதிர்களை மட்டும் தொடர்க. குறிப்பேட்டின் அடுத்த பக்கம் விடுமுறைவரை காத்திருக்கும்.