எழுத்துக்குச் சந்தா கேட்பதற்கு முன்



சென்ற ரமலானுக்குப் பின் நமது அலுவலகத்துக்கு வந்த உதவி மனுக்களில் மூன்று ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. மூன்றும் பெண்கள் எழுதியவை. செல்போனில் கதையும் கட்டுரையும் எழுதிச் சம்பாதிக்கலாமாம், அதைக் கற்றுத்தரும் வகுப்புக்குப் பணம் கட்ட அறக்கட்டளை உதவ வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு குடும்பங்களில் வருமானம் பட்டாசு ஆலையிலிருந்து வருவது. 2018 அக்டோபரில் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததிலிருந்து சிவகாசி வட்டாரத்தில் வேலை நாட்கள் நிச்சயமில்லாமல் போனதை நம் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வீட்டிலிருந்தபடி ஹலாலாக ஏதாவது சம்பாதிக்க முடியாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் வகுப்புக் கட்டணத்துக்கு நாம் பணம் ஒதுக்கவில்லை. காரணத்தை மூவருக்கும் நேரில் சொன்னோம். மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரித்து எழுதுகிறோம்.

காசு கொடுத்துப் படிக்கும் வாசகரை நம்பி எழுதுவது நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. 1882-இல் கண்டியில் சித்தி லெப்பை ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கினார். தமிழ்நாட்டில் பா. தாவூத் ஷா பல்லாண்டுகள் ‘தாருல் இஸ்லாம்’ நடத்தினார். இத்தகைய பத்திரிகைகளுக்குச் சந்தாதான் உயிர். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ முதலில் ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்தது. 1988-இல்தான் அது புத்தகமாயிற்று. வியாபாரம் செய்துகொண்டே எழுதிய அவருக்கு 1997-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அன்று தபால்காரர் செய்த வேலையை இன்று செயலிகள் செய்கின்றன.

இன்றைய வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2014-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபியில் தமிழில் யாரும் கட்டணமின்றி எழுதலாம். வாசகர் சேர்ந்தபின் சந்தா வழியாகவும் நாணயம் என்கிற அன்பளிப்பு வழியாகவும் கொஞ்சம் வருமானம் வரும். அமேசான் கிண்டிலில் 2016 முதல் தமிழ் நூல்களை வெளியிடலாம். விலைக்கு ஏற்ற உரிமைத்தொகை உண்டு, சந்தாதாரர் படித்த பக்கக் கணக்குக்கும் பணம் உண்டு. சப்ஸ்டாக் கடிதம் போல நேரே வாசகருக்குப் போவது. சந்தாவில் பத்து சதவீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே பணம் வசூலிக்கும் ஸ்ட்ரைப் நிறுவனம் 2024 முதல் இந்தியாவில் அழைப்பின் பேரில் மட்டுமே புதியவர்களைச் சேர்க்கிறது. அதனால் புதிதாக வருகிற நம்மவர் அந்த வாசலிலேயே நின்றுவிட வேண்டியிருக்கும். தமிழில் எழுதுகிறவருக்கு முதலில் சொன்ன இரண்டும் போதும். விதிகளை அவ்வப்போது மாற்றுவார்கள், ஆகவே யாரோ சொன்னதை நம்பாமல் செயலியிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

எங்கே எழுதினாலும் முதல் நாளே பூட்டுப் போடக்கூடாது. ஒரு கணக்குப் பாருங்கள். முந்நூறு பேர் படிக்கிறார்கள், நூற்றுக்கு மூன்று பேர் காசு கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது பேர். ஆளுக்கு மாதம் ஐம்பது ரூபாய் என்றால் நானூற்று ஐம்பது, அதிலும் நிறுவனத்தின் பங்கு போகும். ஒரு கேஸ் சிலிண்டர் வாங்கக் காணாது. அந்த முந்நூறு பேர் சேரவே பல மாதம் ஆகும். எனவே ஆலை வேலையையோ தையலையோ இதற்காக விட்டுவிடாதீர்கள். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிடுவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் காசு கேட்காமல் எல்லா மாதிரியையும் புரட்டிப் பார்க்க விடுகிறார்கள், ஆர்டர் பிறகு வருகிறது. எழுத்துக்கும் அதே முறைதான். தொடரின் முதல் பாதி திறந்தே இருக்கட்டும். அடுத்தது எப்போது என்று வாசகர் தாமாகக் கேட்கத் தொடங்கினால் அதுவே விலை சொல்லும் நேரம்.

சந்தா வாங்கிய பின் நிலைமை மாறிவிடுகிறது. மதரஸாவில் ஓதியவர்களுக்கு ‘பைஉஸ் ஸலம்’ பாடம் நினைவிருக்கும். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளவர்கள் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னரே பணம் கொடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். புகாரியில் இந்தச் செய்தி இருக்கிறது. செல்போன் சந்தா சட்டப்படி ஸலம்தானா என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். நமக்குத் தோன்றுவது இதுதான்: இன்னும் எழுதாத ஒன்றுக்கு ஒருவர் காசு தந்துவிட்டார். ஆகவே மாதம் எத்தனை பாகம், ஏறத்தாழ எவ்வளவு நீளம், எந்தக் கிழமை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாரம் மூன்று என்று வீறாப்பாக அறிவித்துவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரம் ஒன்றும் போடாமல் இருப்பதைவிட வாரம் ஒன்று என்று சொல்வது மேல். சிறிதானாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்குப் பிரியமானது என்று ஓதியிருக்கிறோம், அந்தப் பாடம் இங்கேயும் உதவும். தினசரி காலண்டரில் நடுவே நான்கு தாள் இல்லையென்றால் அச்சகத்துக்காரரை யார் விடுவார்கள்? இதற்கு எளிய வழி உண்டு. பத்துப் பன்னிரண்டு பாகங்களை நோட்டில் எழுதி முடித்துவிட்டு முதல் பாகத்தை வெளியிடுங்கள். கையிருப்பு இருந்தால் நோன்பு மாதத்திலும் கல்யாண வீட்டு நெருக்கடியிலும் வாக்குத் தவறாது.

இனி அந்த வகுப்புகளைப் பற்றி. மனுச் செய்த மூவரில் ஒருவர் ஏற்கெனவே நாலாயிரம் ரூபாய் கட்டியிருந்தார். வாட்ஸ்அப்பில் சில பாடங்கள் வந்தன. பிறகு ‘பின்தொடர்பவர் ஆயிரம் பேரைச் சேர்த்துத் தருகிறோம்’ என்று மேலும் பணம் கேட்டார்கள். அப்படிச் சேர்ப்பவர்கள் வெறும் எண்ணிக்கை. ஒரு வரிகூடப் படிக்க மாட்டார்கள். சந்தையில் வாங்கும் எண்ணம் இல்லாதவர் விலையை ஏற்றிக் கேட்டு மற்றவரை ஏமாற்றுவதற்கு ‘நஜ்ஷ்’ என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் தடுத்த வியாபார முறைகளில் அதுவும் ஒன்று. காசுக்கு வாங்கிய பின்தொடர்பவரும், குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் படிக்காமலே போட்டுக்கொள்ளும் ஐந்து நட்சத்திரமும் நம் பார்வையில் அதே இனம்தான். நண்பிகள்தானே, ஒரு ஸ்டார் போட்டால் என்ன என்று கேட்டார்கள். அந்த ஸ்டாரைப் பார்த்து நம்பிப் பணம் கட்டுகிற முகம் தெரியாத வாசகியையும் நினைத்துப் பார்க்கச் சொன்னோம். மார்க்கம் ஒருபுறம் இருக்க, தொழில் கணக்கிலும் இது வீண். படித்துவிட்டு நான்கு வரி கருத்து எழுதும் இருபது பேர் அந்த ஆயிரத்தைவிட மேலானவர்கள். அவர்களுக்குப் பெயர் சொல்லிப் பதில் எழுதுங்கள். குறை சொன்னவருக்கு முதலில் பதில் எழுதுங்கள். ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் தினமும் லிங்க் போடுவதைத் தவிர்க்கலாம். ஜனாஸா அறிவிப்பைத் தேடி வருகிறவர் உங்கள் கதையைப் படிக்கும் மனநிலையில் இருக்க மாட்டார்.

எதை எழுதுவது என்றும் கேட்கிறார்கள். செயலியில் ஓடுகிற கதைகளைப் பார்த்துப் பணக்கார நாயகன், கட்டாயக் கல்யாணம் என்று எழுதுகிறவர்கள் ஏற்கெனவே ஏராளம். நம் ஊரின் மிளகாய் வற்றல் கமிஷன் கடையும், தீப்பெட்டி ஒட்டிப் பிள்ளையைப் படிக்கவைத்த கன்னிம்மாவும், நோன்புக் கஞ்சி அண்டாவைச் சுற்றி நடக்கும் பேச்சும் இன்னும் சரியாக எழுதப்படவில்லை. அதே நேரம் இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. சகோதரி ஒருவர் அடுத்த தெருவின் தலாக் பிரச்சினையைப் பெயர் மாற்றிக் கதையாக எழுதினார். ஒரே வாரத்தில் தெருவே கண்டுகொண்டது. அந்தப் பெண்ணின் தாயார் நம் அலுவலகத்தில் வந்து அழுதார். கதை நன்றாகத்தான் இருந்தது, வாசகரும் கூடினார்கள். ஆனால் பெயரை மாற்றிவிட்டால் புறம் கதையாகிவிடுமா? அவர் அதை நீக்கிவிட்டார், மன்னிப்பும் கேட்டார். நான்கு வீட்டு விஷயங்களைக் குழைத்து, ஊரையும் உறவையும் மாற்றி எழுதப் பழக வேண்டும். உங்களை மறைத்துக்கொள்வதானால் புனைபெயரே போதும். துவரங்குறிச்சியிலிருந்து எழுதிய சல்மாவை உலகம் புனைபெயரில்தான் அறிந்தது. முகப்படம் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

கடைசியாகப் பணம். வங்கிக் கணக்கும் பான் அட்டையும் எழுதுகிறவர் பெயரிலேயே இருக்கட்டும். மனுவில் ஒருவர் கணவரின் கணக்கு எண்ணைத் தந்திருந்தார். பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்குப் பங்குண்டு என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 32-ஆம் வசனம் சொல்லும் செய்தி. குடும்பத்துக்கு அவர் மனமுவந்து கொடுப்பது வேறு விஷயம். வீட்டிலுள்ள பெரியவர்களும், எழுதுகிற மருமகளுக்கு மக்ரிபுக்குப் பின் அரை மணி நேரம் அடுப்படியிலிருந்து விடுதலை தரலாம்.

கட்டணத்துக்குப் பதிலாக அறக்கட்டளை செய்யக்கூடியதைச் செய்கிறது. சனிக்கிழமை அஸருக்குப் பின் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உட்காருகிறோம். கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் சகோதரி ஒருவர் எழுத்துப் பிழை பார்த்துத் தர இசைந்திருக்கிறார். வருகிறவர்கள் செல்போனை மட்டும் கொண்டுவர வேண்டாம், நோட்டில் எழுதிய முதல் மூன்று பாகங்களையும் கொண்டு வாருங்கள். மனுச் செய்த மூவரில் இருவர் கொண்டுவந்துவிட்டார்கள்.