அந்நியப் படையும் உயிர்களின் விலையும்

போருக்குப் புறப்படும் அரசன், தன்னிலும் இருமடங்கு படையுடன் வருபவனை எதிர்க்கத் தன்னால் இயலுமா என்று முதலில் உட்கார்ந்து சிந்திப்பான் என ஆண்டவர் உவமை கூறினார் (லூக். 14). சீடத்துவத்தின் விலையை உணர்த்தவே அவர் அதைச் சொன்னார். ஆயினும் படை நடத்துவோருக்கும் அதில் பாடமுண்டு. அப்பாடத்தைக் கொண்டு, வன்னி மக்கள் கண்ட ஓர் அந்நியப் படையின் வரலாற்றை ஆராய்வோம்.

நடந்தது என்ன?

1987 யூலை 29ல் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தனர். உடனே இந்திய அமைதி காக்கும் படை வடக்கில் வந்திறங்கியது. அரசு சம்மதித்தது, தமிழ் மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். ஆனால் ஒக்டோபர் 10ல் அப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்குமிடையே போர் மூண்டது. யாழ்ப்பாண நகர் வீழ்ந்தபின் போர் வன்னிக் காடுகளுக்குப் பரவியது. முல்லைத்தீவின் அலம்பில், நித்திகைக்குளக் காடுகள் போர்க்களமாயின. 1990 மார்ச் 24ல் இறுதிப் படையினரும் வெளியேறினர்.

திருச்சபையின் அளவுகோல்

ஆயுதம் ஏந்துவதற்குத் திருச்சபையின் மறைக்கல்வி கடும் நிபந்தனைகளை விதிக்கிறது. அவற்றுள் இரண்டை இங்கு நோக்குவோம்.

1. வெற்றிக்கு உறுதியான வாய்ப்பு இருக்கவேண்டும். ஒப்பந்தப்படி 72 மணித்தியாலங்களுள் ஆயுதங்கள் கையளிக்கப்பட வேண்டியிருந்தது. முப்பது மாதப் போரும் அதை நிறைவேற்றவில்லை. 1990 யூனில் மீண்டும் போர் வெடித்தது.

2. அகற்ற விரும்பும் தீமையிலும் பெரிய தீமை விளையக் கூடாது. ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் மாண்டனர். 1987 தீபாவளி நாளிலும் மறுநாளிலும் யாழ். வைத்தியசாலையில் நோயாளர், வைத்தியர், தாதியர் என அறுபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். படையினரின் பெயர்கள் பத்தரமுல்லை நினைவிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மாண்ட குடிமக்களுக்கோ உறுதியான கணக்குக்கூட இல்லை. ஒரு தட்டில் உள்ளதை எண்ணாமலே தராசைப் பிடிப்பது நீதியாகுமா?

ஒரு மறுப்பு

“படை வராதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்குமே” என்பர் சிலர். 1987 மே மாத வடமராட்சித் தாக்குதலை அனுபவித்தோர் அப்படிச் சொல்வதில் நியாயமுண்டு. ஒப்பந்தத்தின் பயனாக 13வது திருத்தமும் மாகாண சபைகளும் வந்தன. தமிழும் அரசகரும மொழியாயிற்று. இவற்றை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இவை ஒப்பந்தத்தின் பயன்கள். ஒக்டோபரில் தொடங்கிய போரின் பயன்களல்ல. காக்க வந்த படை, தான் காக்க வந்த மக்களின் நடுவிலேயே போரிடத் தொடங்கிய அன்று, வந்த நோக்கமே மாறிவிட்டது. வந்தபோது இருந்த நியாயம் அதன்பின் நடந்தவற்றுக்கெல்லாம் அனுமதிச்சீட்டாகாது. அரசன் புறப்படுமுன் மட்டுமன்று, போகும் வழியிலும் உட்கார்ந்து சிந்திக்க வேண்டும். அவ்வாறு சிந்தியாமல் தொடர்ந்த அப்போர், கொடுத்த உயிர்களுக்கு ஈடானதன்று என்பதே நம் முடிவு.

கலந்துரையாடலுக்கு

1. உயிர்விலையை மதிப்பிடும் உரிமை யாருக்குண்டு: படை அனுப்பியவருக்கா, இழந்தவருக்கா?

2. நமது பங்கில், பெயர் பதியப்படாமல் மாண்டோரை நினைவுகூர நாம் என்ன செய்யலாம்?