ஆ மாவுக்குத் தலைவலி

அன்புள்ள தம்பி,

தோ பாயோ வீடுகளுக்குப் போய் வந்து நீ கொடுத்த படிவங்களை நேற்றிரவு படித்தேன். ஆ மா (சீனப் பாட்டி) ஒருவருக்கு, 15 கேள்வி கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவீட்டில் 2 மதிப்பெண் போட்டு, ‘சோர்வு இல்லை’ என்று முடித்திருக்கிறாய். அதே தாளின் ஓரத்தில் பென்சிலில் உன் குறிப்பு: தலைவலி, தூக்கமில்லை, நெஞ்சு அடைக்கிறது, மூன்று கிளினிக் ஏறி இறங்கியாச்சு. எனக்கென்னவோ அந்தப் பென்சில் எழுத்தின் மேல்தான் நம்பிக்கை.

1980இல் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், சீனாவின் ஹூனான் மாநிலத்தில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லப்பட்ட 100 நோயாளிகளைப் பரிசோதித்தார். 87 பேருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சொல்லிக்கொண்டு வந்ததோ தலைவலியும் தூக்கமின்மையும். மனநோய் என்றால் பழி குடும்பத்துக்கே ஒட்டும். தலைவலிக்கு அந்த வம்பு இல்லை. நம் பாட்டிகளும் ‘கை கால் அசதி’ என்றுதானே சொல்வார்கள்?

சீனத்தில் ‘மென்’ என்று ஓர் எழுத்து உண்டு. காற்றில்லாத அறையின் புழுக்கத்துக்கும் மனப்புழுக்கத்துக்கும் அது ஒன்றே. யாரையாவது எழுதிக் காட்டச் சொல்: ஒரு வாசல், அதற்குள் இதயம். ‘சோகமாக இருக்கிறீர்களா’ என்று கேட்டால் ஆ மா இல்லை என்பார். மனசு புழுங்குகிறதா என்று கேட்டுப் பார்.

யாரை வைத்துக் கேட்கிறாய் என்பதும் முக்கியம். 1979இல் சிங்கப்பூரில் மாண்டரின் பேசும் இயக்கம் வந்தபின் ஹொக்கியன், தியோச்சியூ போன்ற சீனக் கிளைமொழிகள் தொலைக்காட்சியிலிருந்து ஒதுங்கின. இன்று பல வீடுகளில் பாட்டி பேசுவது பேத்திக்கு அரைகுறையாகத்தான் புரிகிறது. அந்தப் பேத்தியைத்தான் நீ மொழிபெயர்க்க உட்கார்த்தியிருக்கிறாய். எந்தப் பாட்டி பேத்தியின் வாய் வழியாக ‘வாழ்ந்தது போதும்’ என்பார்? 2016இல் முதியோருக்கென்று ஹொக்கியனில் ஒரு தொடர் வந்தது. அதன் பெயரின் பொருள் ‘சாப்பிட்டாச்சா?’ நீயும் அங்கிருந்தே தொடங்கலாம். நமக்கும் அதுதானே முதல் கேள்வி.

இனி, நான் செய்த தவறு. 1967இல் ஹோம்ஸும் ராஹேயும் போட்ட வாழ்க்கை நிகழ்வுப் பட்டியலை நீயும் படித்திருப்பாய். 43 நிகழ்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மன அழுத்த மதிப்பெண். துணையின் மரணத்துக்கு 100, வீடு மாறினால் 20, கிறிஸ்மஸுக்குக்கூட 12! (சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவு விருந்தில் காலியாக இருக்கும் நாற்காலிக்கு எவ்வளவு என்று அதில் இல்லை.) நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறோர் ஆ மா, தான் இருந்த புளோக்கை இடிக்கப்போகிறார்கள் என்று புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் குடிபோனார். வீடு மாற்றம், 20. மூன்று பிள்ளைகள், மாதாமாதம் பணம், வீட்டில் பணிப்பெண். ‘ஆதரவு வலுவாக உள்ளது’ என்று எழுதினேன். ஆறு மாதத்தில் அவர் சாப்பாட்டையே விட்டுவிட்டார்.

பதறிப்போய்த் தொண்டூழியர், சாப்பாட்டு டப்பா என்று அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் ‘பைசே, பைசே’ என்று கூச்சப்பட்டு இன்னும் கூனிக் குறுகினார். பழைய புளோக்கில் அவர் ஆண்டுதோறும் பாச்சாங் (இலையில் பொதிந்த அரிசிக் கொழுக்கட்டை) கட்டி மாடி முழுக்கக் கொடுப்பவர் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்த ஒரு மலாய்க்கார மக்சிக் (ஆன்ட்டி) சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மக்சிக்குக்கு மட்டும் தனிச் சட்டியில், பன்றி இறைச்சி இல்லாமல். புது வீட்டில் மகள், ‘அம்மா, சும்மா உட்காருங்கள்’ என்றுவிட்டார். வீட்டுக்குள் வரும் உதவியை எண்ணிய நான், அவர் கையிலிருந்து வெளியே போவது நின்றுபோனதை எண்ணவில்லை.

பிறகு, நம் நிலையத்தில் பாச்சாங் கட்டச் சொல்லித்தரும்படி அவரைக் கேட்டோம். இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை வந்து, ஊறிய மூங்கில் இலையைக் கூம்பாக மடித்து, அரிசியை அமுக்கி, கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு இழுத்தார். நான் கட்டியது கொதிக்கும் பானையில் அவிழ்ந்து கஞ்சியானது. ஹொக்கியனில் என்னைத் திட்டினார். அன்று அவர் குரலில் பலம் இருந்தது. பாச்சாங்கால் நோய் தீர்ந்ததென்று நினைத்துவிடாதே. மருத்துவரும் மாத்திரையும் தேவைப்பட்டன, பல மாதம்.

ஒன்று மட்டும் மறக்காதே. வளையலை யாருக்காவது கொடுத்துவிடப் பார்த்தால், ‘எல்லோருக்கும் பாரம்’ என்ற பேச்சு திரும்பத் திரும்ப வந்தால், சாகத் தோன்றுகிறதா என்று தனியே, நேராகக் கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆனால் சீனப் புத்தாண்டுப் பதினைந்து நாளில் வாசலில் நின்று ‘சாவு’ என்ற சொல்லை எடுக்காதே. உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டுக் கேள்.

செவ்வாய்க்கிழமை உன் ஆ மாவிடம் மறுபடி போ. ஹொக்கியன் பேசும் நம் சமையற்கட்டு ஆன்ட்டியை அழைத்துக்கொள். படிவம் பையிலேயே இருக்கட்டும். ஒன்பது மணிக்கு ஆ மா சந்தையிலிருந்து திரும்புவார். பையைத் தூக்கட்டுமா என்று கேட்காதே, என்ன வாங்கினீர்கள் என்று கேள்.

அன்புடன்,
அக்கா