நடந்தால் குடலும் வாழும்!

காதர்பேட்டை பனியன் கடை வீதியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பண்டல் தூக்குபவருக்கு நாள் முழுக்க ஓட்டம்தான். கல்லாவில் இருப்பவரோ காலையில் உட்கார்ந்தால் ராத்திரி கடை சாத்தும்போதுதான் எழுந்திருக்கிறார். நடுவில் நாலு டீ, இரண்டு பஜ்ஜி. கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்லீங்க, லேசா தொப்பைதான்" என்பார். அந்த 'லேசா'வில்தான் ஆபத்து!

1953-ல் லண்டன் பஸ் ஊழியர்களை டாக்டர் ஜெரமி மாரிஸ் குழு ஆராய்ந்தது. உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு!

சரி, நடைக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?

நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நமக்குச் செரிக்காத நார்ச்சத்தை இவை புளிக்க வைத்து, 'பியூட்டிரேட்' போன்ற அமிலங்களைத் தயாரிக்கின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் சாப்பாடு. சுவர் பலவீனமானால் கிருமிகளின் கழிவுகள் ரத்தத்தில் கசியும்; உள்ளுக்குள் அழற்சி புகையும். ரத்தக்குழாய் அடைப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் அது துணைபோகும்.

2018-ல் வெளியான அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வு இது: உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 32 பேர், சாப்பாட்டை மாற்றாமல், வாரம் 3 நாள் வீதம் 6 வாரம் பயிற்சி செய்தார்கள். பியூட்டிரேட் தரும் பாக்டீரியாக்கள் பெருகின, ஒல்லியானவர்களிடம் அதிகமாக. அடுத்த 6 வாரம் சும்மா இருந்தார்கள். கிடைத்த பலன் பெரும்பாலும் போய்விட்டது! சின்ன ஆய்வுதான். ஆனாலும் பாடம் பெரிது: பயிற்சியை நிறுத்திவிட்டால் பலன் நிலைக்காது.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்குமேல் சர்க்கரை நோய். ஆகவே இன்றே ஆரம்பியுங்கள்:

* வாரம் 5 நாள், தினம் 30 நிமிடம் வேக நடை.

* சாப்பிட்டதும் 10 நிமிடம் மெதுநடை. வேலை செய்யும் தசை, ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

* மணிக்கொரு முறை எழுந்திருங்கள். ஸ்டாக் எடுக்கப் பையனைக் கூப்பிடாமல் நீங்களே போங்களேன்!

* கொள்ளு, கம்பு, பச்சைப்பயறு, கீரை தட்டில் இருக்கட்டும். நூல் வராமல் பனியன் கம்பெனி ஓடுமா? நார் இல்லாமல் குடலும் அப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை: இதய நோயாளிகளும், இன்சுலின் போடுபவர்களும் டாக்டரைக் கேட்டு ஆரம்பியுங்கள். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினால், 'வாயு'வென்று சோடா குடித்து உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.